எஞ்சின் கடைக்கு ஒரு மென்பொருள்

கடைக்கு மென்பொருள் வாங்கப்போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், வடசேரியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ஆட்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். என்னுடையது மீன்பிடி வள்ளங்களில் மாட்டுகிற எஞ்சின்களைப் பழுதுபார்க்கிற கடை. எந்த எஞ்சினுக்கு எப்போது சர்வீஸ் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. கொஞ்ச காலமாக மறதி வேறு. நான் மறந்த எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனால், போனவன் திரும்புவானா?

ஒருவர் காட்டியதில் சம்பளம், வரி, கிட்டங்கிச் சரக்கு என்று ஏகப்பட்ட பொத்தான்கள். கப்பல் கம்பெனிக்கு ஆகும், எனக்கு எதற்கு? இன்னொன்று இலவசம், ஆனால் நெட் போனால் படுத்துவிடும். எங்கள் ஊரில் மழை வருவதற்கு முன்னால் போவதே நெட்தான். கடைசியில் என் மனைவி எரிச்சலோடு கேட்டாள், அதெல்லாம் கிடக்கட்டும், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று. பில் போட வேண்டும், சாமான் இருப்பு தெரிய வேண்டும், சர்வீஸ் நாளை அவரவர் போனுக்கே சொல்ல வேண்டும். இவற்றை மட்டும் செய்கிற ஒன்றை எடுத்தோம். நல்ல தேர்வுதான், இப்போதும் சொல்வேன்.

வினை பெயரில் வந்தது. ஒரே பெயரை இரண்டாம் முறை அடித்தால் அது ஏற்கவில்லை. எங்கள் கரையில் பாதி ஆண்களுக்கு ஒரே புனிதரின் பெயர், பலருக்கு அப்பன் பெயரும் அதுவே. அதனால்தான் ஆளை அடையாளம் சொல்ல ஊர் வைத்த வட்டப்பேர் ஆளுக்கொன்று. அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். மனைவி அந்த வட்டப்பேரையே பெயரோடு சேர்த்து அடித்தாள். நாங்கள் மட்டும் பார்க்கிற திரைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் சர்வீஸ் செய்தி ஒரு காலையில் தானாகப் போனது. 'அன்புள்ள' என்று தொடங்கி, வட்டப்பேரோடு. யாருக்குப் போயிருக்கிறது என்று போனை எடுத்துப் பார்த்தேன். கரையில் எல்லாரும் மதிக்கிற மூத்த வள்ளக்காரர் அவர். அவர் ஒரு சொல் சொன்னால் ஒரு வள்ளமும் என் கடைக்கு வராது. அதுகூடப் பெரிதில்லை. முன்பொரு முறை தம்பியோடு கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கினார், வள்ளத்தோடு திரும்பியது அவர் மட்டும். அன்றிலிருந்து ஊர் அவருக்கு வைத்த பேர் 'தனியா வந்தவன்'.

அழிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் படித்துவிட்டார், டிக் நீலமாகிவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள் மனைவி. என்னவென்று கேட்பது? கேட்கப்போனால் அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே! ஸ்பானரைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அவரே வந்தார், எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு. மேசையில் அதை இறக்கிவிட்டு, பக்கத்தில் போனை வைத்தார். எழுந்து நின்று, அண்ணே, தெரியாமல் நடந்துவிட்டது என்று என்னென்னவோ உளறினேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"இப்பிடி ஒரு பேரு உண்டுன்னு எனக்குத் தெரியும் மக்கா," என்றார். "எழுத்துல பார்த்தது இண்ணைக்குத்தான்."

கணினியைத் திறந்து அந்தச் சொல்லை அழித்தேன். வேறு என்ன போடட்டும் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"எனக்க பேரு இருக்கட்டு. கூட எனக்க தம்பிக்க பேரையும் போடு. எஞ்சின் அவன் ஆசையா வாங்கினதாக்கும்."

போட்டேன். மென்பொருள் மறுப்பொன்றும் சொல்லவில்லை. மற்ற எல்லாருக்கும் அன்றைக்கே வட்டப்பேரை எடுத்துவிட்டு வள்ளத்தின் எண்ணைப் போட்டோம்.

இப்போதும் சர்வீஸ் நாள் நெருங்கினால் செய்தி அண்ணன், தம்பி இருவர் பேரிலும் போகிறது. கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து பதில் வரும்: 'ரெண்டு பேரும் வாறோம்.'