சுவரில் மாட்டிய உகுலேலே

எங்கள் வீடு போத்தனூரில், தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. நானும் மனைவியும்தான். ஒரே மகள். போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய உகுலேலே மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கிட்டார் மாதிரி, சின்னது, நாலு கம்பி.

ரயில் ஹாரன் அடித்தால் அதில் ஒரு கம்பி தானாக முனகும். மனைவி கைவேலையை விட்டுவிட்டு நிற்பாள்.

மழை முடிந்ததும் முனகல் நின்றுவிட்டது. மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

"கம்பி தொய்ஞ்சு போச்சுங்க. முறுக்கிக் குடுங்க."

எனக்கு லேத் ஓட்டத் தெரியும். சுரம் தெரியாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன்.

"ஏனுங்ணா, டியூன் பண்ண ஃபோன்லயே ஆப் இருக்குதுங்களே," என்றார் கடைக்காரத் தம்பி.

"ஊட்டுப் பக்கத்துல ரயிலுங்க."

"அப்ப அது ரயிலுக்குத்தான் சுதி பாக்குமுங்க."

சிரித்துவிட்டு, உகுலேலேயின் தலைப்பக்கம் கவ்வுகிற டியூனர் ஒன்றைக் கொடுத்தார். அது மர அதிர்வை மட்டும் எடுக்குமாம். உகுலேலேக்கென்றே உள்ளது. பச்சை விளக்கு எரியும் வரை முறுக்கினால் போதும்.

முறுக்கினேன். நைலான் கம்பி, நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நாலுக்கும் பச்சை. மாட்டினேன். ரயில் வந்தது, ஹாரன் அடித்தது, போனது. உகுலேலே சும்மா தொங்கியது.

"இது அவ வெச்ச சுதி இல்லீங்க," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் ஆளுக்கொரு அடியா மாத்தி மாத்திக் கோயில் பாட்டுப் பாடறப்ப, எந்தொண்டைக்கு ஏறாதுன்னு எறக்கி வெப்பா."

மறுபடி கடை.

"அதுக்குள்ள சலிச்சுப்போச்சுங்களா?"

"கீழ எறக்கோணுமுங்க. இந்த டியூனர் ஒத்துக்க மாட்டேங்குது."

"எவ்வளவு எறக்கோணும்?"

"தெரியலீங்க."

எல்லாச் சுரமும் காட்டுகிற டியூனரை எடுத்து வைத்தார். "அந்தப் பாட்ட யாராச்சும் பாடுனாங்கன்னா புடிச்சுப்போடலாமுங்க."

அதைத்தான் கேட்கத் தயங்கினேன். மகளின் அடக்கத்துக்குப் பிறகு மனைவி பாடவே இல்லை. கோயிலிலும் உதடு அசையாது.

கேட்டுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது.

"மறுக்கா பாடு," என்றேன்.

பாடினாள். நான் தடித்த கம்பியை இறக்கினேன்.

"இன்னும்."

இறக்கினேன்.

"அங்க நிறுத்துங்க."

டியூனரைப் பார்த்தேன். வழக்கமான சுரத்துக்கு அரைச் சுரம் கீழே. மற்ற மூன்றையும் அதே அளவு இறக்கி, டியூனரோடு அப்படியே ஆணியில் மாட்டினேன்.

சாயங்கால வண்டி ஹாரன் அடித்தது. கம்பி முனகியது. யாரும் தொடவில்லை. டியூனரில் பச்சை எரிந்தது, கொஞ்சம் நின்றது, அணைந்தது.

பயத்தில் எழுந்து ஆணிப் பக்கம் போனேன். "கழட்டி உள்ள வெச்சரட்டுமா?"

"இருக்கட்டுங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட்டை மறுபடி எடுத்தாள். முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடிக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மூன்றாவதைப் பாடினாள்.