நீட்டிய நாக்கு

என்னோடு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்கக் கூடாது.

நான் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அறுபத்தொன்றாம் வருஷம் தவக்காலம். என் மகள் எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. தேத்தண்ணியைக் கொட்டுவாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். முகத்தைக் கோணுவாள். திட்டினால் இன்னும் கூடும்.

ஒருநாள் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஜெபக்கூட்டம். போதகர் ஐயா ஜெபிக்கும்போது இவள் நாக்கை நீட்டினாள். எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தேன்.

"நான் செய்யலம்மா, அது தானா வருது," என்று அழுதாள். நம்பவில்லை. அடுத்த காம்பராவில் குடியிருக்கிறவள், "பிசாசு புடிச்சிருக்கு," என்றாள். அதை நம்பினேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டே ஜெபித்தேன், பிசாசைத் துரத்தும் ஆண்டவரே என்று. பிறகு ஒரு காலையில் அவள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவிப்பதைப் பார்த்தேன். நெஞ்சு உடைந்தது. "ஆண்டவரே, என் பிள்ளைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குக் காட்டும்," என்று மன்றாடினேன்.

அந்த வாரமே தோட்டத்து மருந்தையா அவள் தடுமாறி நடப்பதை வழியில் கண்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார்.

அங்கே டாக்டர் அவள் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். விரல்கள் தானாகத் துள்ளின. தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடி இறுகி இறுகித் தளர்ந்தது, பால் கறக்கிற மாதிரி.

"நாக்கை நீட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் உள்ள எடுக்க வேணாம்."

நீட்டினாள். சுருக்கென்று உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் போனது. என் பிள்ளை கண்ணீரோடு என்னைப் பார்த்தாள். அவளை அறைந்த என் கை எரிந்தது.

நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். "முன்னுக்குத் தொண்டை நோவு, மூட்டு வீக்கம் வந்திச்சா?"

வந்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

"இது குறும்பும் இல்ல, பேயும் இல்ல. வாதக் காய்ச்சலால வந்தது. இந்தத் துள்ளல் நின்னுரும். ஆனா இருதயத்தையும் தொட்டிருக்கு. மாசா மாசம் ஊசி போடணும்."

நாலு மாதத்தில் கை அடங்கியது. ஊசி இன்றைக்கும் தொடர்கிறது. மேடு ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அந்தப் பயத்தோடுதான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். கேட்டதைக் காட்டினவர் கைவிட மாட்டார். நீங்களும் அவரை நம்புங்கள். ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். பிள்ளை சொல்வதையும் கேளுங்கள்.

போன மாதம் அதே ஜெபக்கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "இப்பப் பாருங்கம்மா," என்று நாக்கை நீட்டினாள். அது அப்படியே நின்றது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.