பட்டையைக் கட்டினால் பட்ஜெட் பேசுகிறார்கள்

பிரஷர் பார்க்கிற தொழிலில் முதல் பாடம் ஒன்றுதான்: கையில் பட்டை கட்டியிருக்கும்போது கைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பேசி அவரைக் கிளப்பிவிடவும் கூடாது. பேசினால் அளவு ஏறிவிடும். அஞ்சு நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு நடுவில் யாராவது என் பேரைக் கேட்டால்கூட, அதைச் சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். மகளிர் குழுவிலிருந்து என்னை எடுத்து, பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கச் சொன்னபோது பயமாகத்தான் இருந்தது. அடுத்தவரைப் பேசாதே என்று சொல்வதுதான் வேலை என்று தெரிந்ததும், இதைவிட எனக்குத் தோதான சோலி எங்கள் போடி ஊரிலேயே கிடையாது என்று சேர்ந்துவிட்டேன். என் நாலு வயசு மகள்கூட அவள் அப்பா கையில் ரிப்பனைச் சுற்றிவிட்டு, "மூச்! பேசக் கூடாது" என்பாள்.

கதவு தட்டிப் பிழைக்கிற எல்லாருக்கும் என் கதை புரியும். கரண்டு ரீடிங் எடுக்கிறவரோ, சிலிண்டர் போடுகிறவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அஞ்சு மணி பஸ்சு

எங்களுக்கு மாசாமாசம் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். ஊக்கத்தொகை என்பார்கள். ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற என் நாத்தனார் செல்வி, பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தத் தொகையை எடுத்துவிடுவார். "ஆடி பொறந்தா தோட்டத்துல காய் மும்முரம். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு, ஜீப்புல உனக்கு எடம் போட்டு வைக்கிறேன்" என்று கெடு வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் குடோனில் லோடு ஏற்றுகிறவர். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மகளுக்கு அடுத்த வருசம் பள்ளிக்கூடம் என்று மட்டும் ரெண்டு தரம் சொன்னார். போகாமல் இருக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது, தொகை கூட வேண்டும்.

மாதக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து அதைக் கேட்டோம். எங்கள் மேற்பார்வை நர்சம்மா, "அடுத்த மாசம் பெரிய அதிகாரி வர்றாரு. கூட்டணும்னு மட்டும் சொன்னா, பணம் எங்கிருந்து வரும்னு திருப்பிக் கேப்பாரு. அதுக்குப் பதிலோட ஒரு ஆள் பேசுங்க" என்றார். கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த என்னை எல்லாக் கையும் காட்டின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என்மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று பக்கத்தில் இருந்த வசந்தா அக்காவைக் கேட்டேன். அக்கா என் முதுகைத் தட்டிச் சொன்னது இது:

"நம்பிக்கையெல்லாம் இல்ல புள்ள, நீ பேசுனா ரெண்டு நிமிசத்துல கூட்டம் முடியும், நாங்க அஞ்சு மணி பஸ்ச புடிச்சிரலாம்."

முதலாளியின் ரெண்டு அளவு

பதில் எனக்கு எங்கே தெரியும்? போகிற வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று ஆரம்பித்தேன். முதல் ஆள், போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற ஒரு முதலாளி. தங்கமான மனுஷன். நான் போனால் மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். விஷயத்தைச் சொன்னதும், "உங்களுக்குக் கூட்டத்தான் வேணும் ஆத்தா. சாராயத்துல பாட்டிலுக்கு ரெண்டு ரூவா ஏத்துனா தன்னால வந்துரும்" என்றார். சந்தோஷமாகப் பட்டையைக் கட்டி மிஷினை அமுக்கினேன். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மோர் குடித்த தைரியத்தில், "ஏலக்காயில கிலோவுக்குக் கொஞ்சம் போட்டாக்கூட வரும்னு சொல்றாங்களே மொதலாளி" என்றுவிட்டேன்.

அவருக்கு முன்னால் மிஷின் பேசியது. அவ்வளவு ஏறின அளவை நான் அதுவரை அவர் கையில் பார்த்ததே இல்லை. "வெலை விழுந்து கெடக்கு, மழை இல்ல, இதுல ஏலக்காயில கைய வைக்கிறியா?" என்று எழுந்தேவிட்டார். பதறிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஏலக்காய் என்ற வார்த்தையே எடுக்காமல் அஞ்சு நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தேன். எப்போதும் போல நல்ல அளவு. எதை எழுத என்று நான் பேனாவோடு முழிக்க, அவர் சொன்னார்:

"ரெண்டாவத எழுது ஆத்தா, மொத அளவு என்னோடது இல்ல, அரசாங்கத்தோடது."

குடிக்கிறவர் கணக்கு

அடுத்து ராசிங்காபுரம். அங்கே தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அண்ணன், சாயங்காலமானால் ஒயின்ஷாப்பு பக்கம் போகிறவர். பாட்டிலுக்கு ரெண்டு ரூபாய் ஏற்றலாம் என்கிற முதலாளியின் யோசனையை அவரிடமே சொல்லிவிட்டேன். என் புத்தி அப்படி. அவர் கோபப்படுவார் என்று பார்த்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஏத்தட்டுமே. இப்பவே எங்காசுலதான் அரசாங்கம் ஓடுது. நான் இல்லேன்னா உனக்கு ஏது தாயி சம்பளம்? உனக்காக இன்னைக்கு ஒண்ணு சேத்துப் போடுறேன்" என்று கையை நீட்டினார். பிரஷர் போன மாசத்தைவிடக் கூட. மாத்திரையைக் கூட்டத்தான் டாக்டர் சொல்வார் என்றேன்.

அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார். என்னைத் திட்டினாரா, அவரைத் திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இவரு குடிக்கிற காசுல உனக்குச் சம்பளம், குடிச்சு வர்ற நோவுக்கு உங்கிட்ட மாத்திரை, சுத்திச் சுத்தி ரெண்டு பேரும் நல்லாத்தான் பொழைக்கிறீங்க."

ரிமோட்டுக் கட்டை

பென்சன் வாங்குகிற ஒரு சார் வீட்டில் வேறு மாதிரி. புது வரியே வேண்டாம், அரசாங்கம் விழாக்களில் வீண் செலவைக் குறைத்தாலே எங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பந்தல், மாலை, பேனர், பொன்னாடை என்று அவர் விரலை மடக்க மடக்க, பட்டை கட்டிய கையும் சேர்ந்து ஆடியது. மூன்று தரம் அமுக்கினேன். மூன்றாவது தரம் மிஷின் அணைந்தே போனது. "பாத்தியாம்மா, இதுக்குப் பேட்டரி கட்டை போடுறதுகூட ஒரு செலவு. எத்தனை வீணாகுதோ" என்றார். "அது நான் வாங்கிப் போடுறது சார்" என்றேன்.

சார் எழுந்து போய் டி.வி. ரிமோட்டைத் திறந்து ரெண்டு கட்டையையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். வாசல்வரை வந்து, வீட்டுக்குள் இருந்த அவர் மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஏழரை மணி சீரியலுக்குள்ள கொண்டாந்துரும்மா, இல்லேன்னா எனக்குத்தான் பிரஷர் ஏறும்."

வீட்டில் இல்லாத பேச்சி

இதற்குள் எங்கள் குழுத் தலைவிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "அரசாங்கத்த எதுக்குப் பாக்கணும்? வீட்டுக்குப் பத்து ரூவா போட்டா ஈஸ்வரிக்குத் தொகை ஆச்சு" என்று என்னைக் காட்டினார். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். முதலாளியைக் கோபப்படுத்த வேண்டாம், அதிகாரி முன்னால் பேசவும் வேண்டாம். பத்து ரூபாய்தானே, யார் மறுப்பார்கள்? முடிவாகும் முன்பே பேச்சு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டது.

அடுத்த சுற்றில் மலை அடிவாரத்து முந்தலைத் தாண்டிச் சரிவில் இருக்கிற பேச்சி அக்கா வீட்டுக்குப் போனேன். தனி ஆள், காய் எடுக்கிறவர், ரெண்டு வருசமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை, அதனால் வேலை கிடையாது. வாசலில் செருப்பு கிடந்தது, கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "நான் வீட்டுல இல்ல ஈஸ்வரி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லாதவுக எப்பிடிக்கா பேசுறீக?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கதவு திறந்தது. திறந்தவரின் முகம் வீங்கியிருந்தது, கால் தடுமாறியது. சிரிப்பு எனக்கு நின்றுபோனது. அந்தப் பத்து ரூபாய்ப் பேச்சைக் கேட்டு, நான் காசு கேட்டு வருவேன் என்று பயந்து, இருந்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பட்டையைக் கட்டினால் அளவு எங்கேயோ இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, ஜீப்பை நிறுத்தி, கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். பிழைத்துக்கொண்டார். போகிற வழியில், "பத்து ரூவாதானேக்கா, சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே" என்று அழுதேன். என் தோளில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இந்த மாசம் பத்து, வர்ற மாசம் இருவதுன்னு வளரும் ஆத்தா, நீ சும்மா வந்தாத்தான் நான் கதவத் தொறக்க முடியும்."

பெரிய அதிகாரியின் கை

கூட்டத்து நாள் வந்தது. எழுதி வைத்த தாள் என் வேர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிப்போனது. அதிகாரி வந்து உட்கார்ந்தார். நர்சம்மா என் பேரைச் சொன்னார். எழுந்து நின்றேன். எதுவும் வரவில்லை. வசந்தா அக்கா மணியைப் பார்க்கிறார். அதிகாரி நல்ல மாதிரி. என் நிலைமையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, முதல்ல எனக்கு ஒரு பிரஷர் பாரு" என்று சட்டைக் கையை மடக்கினார்.

பட்டையைக் கட்டினேன், மிஷினை அமுக்கினேன். "பணம் எங்கிருந்து வரும்னா..." என்று அவர் ஆரம்பித்தார். பழக்க தோஷம், "சார், பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டேன். மனுஷன் பேசாமல் என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது, இந்த அறையில் இப்போது பேசலாம் என்று இருக்கிறவள் நான் ஒருத்திதான். பக்கத்தில் இருப்பவரும் பேசக் கூடாது என்ற பாடத்தின் மறுபாதியை அன்றைக்கு மறந்துவிட்டேன். சொன்னேன். ஏலக்காய் முதலாளி சாராயத்தைக் காட்டியதை, பென்சன் சார் பந்தலைக் காட்டியதை, பேச்சி அக்கா வீட்டுக்குள் இருந்தே இல்லை என்றதை. "காசு இருக்கிறவுக கிட்ட கொஞ்சம் கொஞ்சமா, அவுக கோவிச்சுக்கிட்டாலும் பரவால்லன்னு நீங்கதான் சார் வாங்கணும். சாராயத்த மட்டும் நம்புனா, ஊரு திருந்துற அன்னைக்கு எங்க தொகை நின்னுபோகும். எப்பிடி வாங்குனாலும் சரி, நோவாளி வாசல்ல மட்டும் வாங்கச் சொல்லாதீங்க. வாங்குனா அவுக கதவத் தொறக்க மாட்டாக" என்றேன். மிஷின் கத்தியது. அளவு ஏறியிருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தான். இன்னும் அஞ்சு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் சார் என்றேன். அந்த அஞ்சு நிமிடத்தில் பேட்டரி கட்டை, ஜீப்பு வாடகை, ஊக்கத்தொகை தேதி தள்ளிப்போவது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அஞ்சு மணி பஸ்சு எப்போதோ போய்விட்டது. கடைசியில் அதிகாரி விரலை உயர்த்திக் கேட்டார்:

"இப்பவாவது நான் பேசலாமாம்மா?"

ஜீப்பில் போட்ட இடம்

மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பியும் விட்டாராம். பத்து ரூபாய்ப் பேச்சு அன்றோடு நின்றது. தொகை இன்னும் கூடவில்லை. ஆடி பிறந்தது. செல்வி மதினி சொன்னபடி ஜீப்பில் இடம் போட்டு வைத்திருந்தார். முதல் நாள் விடியலில் நானும் போய் ஏறினேன், தோளில் மிஷின் பையோடு. காய் எடுக்க இல்லை, ஞாயிறு வரை காத்திராமல் பேச்சி அக்கா வேலைக்குக் கிளம்புவதற்குள் போய்ப் பிரஷர் பார்க்க என்றேன். மதினி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கிறுக்குதான்" என்று நகர்ந்து இடம் விட்டார். ஜீப்பு கிளம்புவதற்குள் மூன்று பேர் கையை நீட்டிவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த ஆடிக்குள்ளாவது தொகை கூட வேண்டும், இல்லையென்றால் பையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் இந்த ஜீப்பில் ஏற வேண்டியிருக்கும். நான் முந்தல் தாண்டி இறங்கும்போது டிரைவர் அண்ணன் வாடகை வாங்கவில்லை. மதினி தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"காயப் புடிக்கிற எங்களுக்குக் கூலி, கையப் புடிக்கிற உனக்கு ஊக்கமா? நல்லாத்தாண்டி பேரு வச்சிருக்காக!"

பணம் எங்கிருந்து வரும் என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன், ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைத்தான் காட்டினார்கள், அந்தப் பக்கத்து வீட்டுக்கும் அடுத்த வாரம் நான்தான் பிரஷர் பார்க்கப் போக வேண்டும்.