ஒரே சீமாட்டி, இரண்டு படம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவனை யாரும் நம்புவதில்லை. என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பெங்களூர் அடுகோடியில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பசவனகுடியில் ஒரு ரிட்டயர்ட் இன்ஜினீயர் வீட்டு ஹாலில், அவருடைய தகப்பனார் சீமையிலிருந்து வாங்கி வந்த படம் ஒன்று இருந்தது. யாரோ ஒரு சீமாட்டி. வரைந்தவர் மகா மேதை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைப் பார்த்து வரைந்து பழக, கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

பாட்டில்

கேட்டில் முனியப்பா என்ற காவல்காரர். முதல் நாளே என் பையைக் கவிழ்த்தார். டர்பன்டைன் பாட்டில் உருண்டது. மூடியைத் திறந்து மோந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பிரஷ் கழுவுறதுக்கு" என்றேன். நம்பவில்லை. சாயங்காலம் திரும்பும்போது ஊதிக் காட்டச் சொன்னார். பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு வரைவது என் பழக்கம். ஊதினேன்.

"கழுவினது பிரஷ்ஷுன்னா, வாசனை வாயில ஏன் சாமி வருது?"

கன்னத்துச் சிவப்பு

வரைந்த படத்தை வாராவாரம் மர்பி டவுனில் இருந்த என் வீட்டுக்கு எடுத்து வந்து காயவைப்பேன். முதலில் வெறும் பழுப்பு நிழல். பிறகு, தோல் நிறத்துக்கு அடியில் பூசுகிற பச்சை. அதுவரை என் மனைவி கமலா ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது ஞாயிறு கன்னத்தில் சிவப்பும் உதட்டில் மினுமினுப்பும் வந்தன. அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"யாருங்க இவ?"

"செத்து இருநூறு வருஷம் ஆச்சு கமலா."

இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"செத்தவ இப்படியா உங்களையே பாப்பா?"

எங்களுது எது?

மூன்று மாதத்தில் படம் முடிந்து, நன்றாகக் காய்ந்தும் விட்டது. இன்ஜினீயர் ஐயாவிடம் காட்ட எடுத்துப்போனேன். அன்று பார்த்து, செல்லரித்த சட்டத்தை மாற்றுவதற்காக மூலப்படத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே அளவு. வராந்தா வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தூங்கி எழுந்து வந்த ஐயா அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல எங்களுது எது?"

"இடது பக்கம் இருக்கிறது, ஐயா."

"அவ்வளவு சுருக்கா சொல்றியே!"

மூலப்படத்தைத் திருப்பி, பின்னால் இருந்த பழைய ஆணிகளைக் காட்டினேன். எல்லாம் துருப்பிடித்தவை. அவர் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"மூஞ்சியையே இப்படி வரைஞ்சவனுக்கு, துரு வரையத் தெரியாதா? ரெண்டையும் வச்சுட்டுப் போ."

அன்று வெறுங்கையோடு வீடு திரும்பிய நான், அதன் பிறகு எந்த மேதையை நகலெடுத்தாலும் மூலத்தைவிட ஒரு சாண் சின்னதாகவே எடுக்கிறேன்.