ஆயுத பூஜையன்று ஓய்வெடுத்த லாகின்

விஜிலாவுக்குக் கோபமே வராது என்று எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை உண்டு. சுத்தப் பொய். ஆறு வருஷமாகப் பக்கத்து மேசையில் இருக்கிறவன் நான். அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

புன்னைக்காயல்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கடல் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்கு இவள் சம்பளம்தான். நாசரேத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தூத்துக்குடியில் பிச்சையா அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சிக்கு வந்து சேர்ந்தாள். ஏற்றுமதிக்காரர்கள் கிளவுடில் ஒரு பொது ஃபோல்டரில் டாக்குமெண்டுகளைப் போடுவார்கள். அவற்றை எடுத்துக் கப்பல் கம்பெனிக்கு அனுப்புகிற புரோகிராம் இவள் எழுதியது. அதற்குள் லைப்ரரி என்று ஒரு சின்ன நிரல் துண்டு. கிளவுடிடம் அனுமதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. துறைமுக வாசலில் பாஸ் காட்டுகிற மாதிரி.

அந்த ஃபோல்டரும் அதைத் திறக்கிற பாஸும் அண்ணாச்சி பேரில் மட்டும்தான் இருந்தன. வினை அங்கேதான்.

"புரோகிராமுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுருவோம் அண்ணாச்சி" என்று ஒரு வருஷமாகக் கேட்டாள். "பாப்போம், பாப்போம்" என்பார். இதற்குள் புரோகிராம் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் பாஸ்வேர்டை மாற்றியது அவர், பழி லைப்ரரிக்கு. இன்னொரு தடவை நின்றால் வேலையைச் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கொடுத்தால் விஜிலா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆயுத பூஜை வந்தது. குலசை தசராவில் முத்தாரம்மனுக்குக் காளி வேஷம் போடுவதாக நேர்ந்து காப்புக் கட்டியிருந்த அண்ணாச்சி, கம்ப்யூட்டர், பிரிண்டர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் குலசைக்குக் கிளம்பினார். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. கத்தரிக்கோலைக்கூட யாரும் தொடக்கூடாது.

மறுநாள் காலையில் புரோகிராம் நின்று கிடந்தது. விஜிலா தோண்டிப் பார்த்தாள். முந்தின நாள் மத்தியானம் அண்ணாச்சி தன் கணக்கில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தியிருந்தார். பாஸ் காலி. கண்ணுக்குத் தெரிந்த கருவிக்கெல்லாம் ஓய்வு கொடுத்த மனுஷர், தெரியாததை மட்டும் விடுவாரா?

மறுபடி உள்ளே நுழைய அவர் போனில் ஒரு 'சரி' அழுத்த வேண்டும். போனை எடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் நாற்பத்தொரு டாக்குமெண்ட் போகாவிட்டால் கன்டெய்னர்கள் கப்பலில் ஏறாது. என் பைக்கில் குலசைக்கு ஓடினோம்.

திரும்பின பக்கமெல்லாம் காளி. எங்கள் காளியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவும் குரலை வைத்துத்தான்: இளநீர்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் இடுப்பிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் முழுக்கச் சிவப்புச் சாயம், கடைவாயில் கோரைப்பல். போன் திறக்கவில்லை. விரலை வைத்தார். விரலிலும் சாயம்.

"என்னய எம் போனுக்கே தெரியலங்குதே."

"நம்பரப் போடுங்க அண்ணாச்சி."

"அது வீட்டுல காலண்டர்ல எழுதிக் கெடக்கு. வீட்டுச் சாவி எம் பொஞ்சாதி செல்லத்தாய்ட்ட. அவ இந்தக் கூட்டத்துல எங்கன நிக்காளோ."

"மூஞ்சிய மட்டும் கழுவிக்கிடுங்களேன்."

"ராத்திரி சூரசம்ஹாரம் முடியாம வேசத்தக் கலைக்கப்படாதும்மா. ஆமா, ஒனக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் வேணும்னா முந்தியே கேட்டுருக்கலாம்லா? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

விஜிலா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அம்மன் வேஷத்தில் நிற்கிறவரை என்னவென்று திட்டுவது?

ஆபீஸுக்குத் திரும்பி, ஏற்றுமதிக்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, டாக்குமெண்டுகளைத் தன் மெயிலுக்கு மறுபடி அனுப்பச் சொல்லி, நாற்பத்தொன்றையும் கையாலேயே கப்பல் கம்பெனிக்கு அனுப்பினாள். கடைசி டாக்குமெண்ட் போனபோது ஆறு அடிக்க நாலு நிமிஷம். மத்தியானச் சோறு டப்பாவில் அப்படியே இருந்தது.

காப்பு அவிழ்த்து, முகம் கழுவி, அண்ணாச்சி மறுநாள் சனிக்கிழமை ஆபீஸ் வந்தார். போன் திறந்தது.

"பொறுங்க அண்ணாச்சி, நேத்து அனுப்புனத முதல்ல குறிச்சு வச்சிருதேன்..." என்று விஜிலா சொல்லி முடிப்பதற்குள் 'சரி'யை அழுத்திவிட்டார்.

புரோகிராம் எழுந்தது. ஃபோல்டரில் நாற்பத்தொன்றும் போட்டது போட்டபடி கிடந்தன. அவள் கையால் அனுப்பிய கதை அதற்கு எப்படித் தெரியும்? அத்தனையையும் ஒரே மூச்சில் கப்பல் கம்பெனிக்கு இன்னொரு தடவை அனுப்பியது. திரையில் 'அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது' என்று வரிவரியாக ஓடியதைப் பார்த்து அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா, ஒரு நா ஓய்வு குடுத்ததும் என்னமா வேல செய்யுது. இதப் போயி சென்னைக்காரன்ட்ட குடுக்கதா?"

எங்கள் முன்னாலேயே சென்னைக்குப் போன் போட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொன்னார். விஜிலாவின் வேலை தப்பித்தது. அந்த நேரம் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எந்தப் பிரதியை எடுத்துக்கொள்வது என்று கத்தினார்கள். அவள்தான் எடுத்து மன்னிப்புக் கேட்டாள்.