முன்பண மொட்டை

கொழும்புக்குக் கடைச் சிப்பந்தியாகப் போய், அந்தக் கடைக்கே முதலாளியானவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கடை என் கைக்கு வந்த நேரம், இலங்கை சுதந்திரம் வாங்கி இந்தியாவிலிருந்து போன நம்மவர்கள் அங்கே தங்கப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. என்னிடம் இருந்தது சிப்பந்தி பெர்மிட். அதை முதலாளி பெர்மிட்டாக மாற்றாவிட்டால் கடையை மூடிவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான்.

சாரலுக்கு ஊர் வந்தவன், குற்றாலத்தில் குளித்துவிட்டு நேரே ஆய்க்குடி முருகனிடம் போனேன். காரியம் முடிந்தபின் முடி கொடுப்பது ஊர் வழக்கம். முன்பணம் கண்டால்தான் சரக்கு வரும் என்பது வியாபாரிக்குத்தானே தெரியும்? முதலிலேயே மொட்டை போட்டேன்.

பத்தாவது படித்த என் மச்சினன், "அத்தான், பெர்மிட் படத்துல கிராப்புல்லா இருக்கு?" என்றான்.

"ஏலே, முருகனுக்கே யோசனை சொல்லுதியோ?" என்று அடக்கினேன்.

கொழும்பு அதிகாரி படத்தையும் என் மண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீர் இல்லையே. முடி வளர்ந்த பிறகு வாரும்."

"வளருததுக்குள்ள பழைய பெர்மிட் முடிஞ்சிருமே ஐயா!"

மகாராசனுக்கு முகம் தெரியவில்லை, முடிதான் தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைத்தேன். கடைசியில் முதலாளி பெர்மிட் கொடுத்தார், புதிதாக எடுத்த மொட்டைப் படத்தை ஒட்டி.

அதிலிருந்து ஊர் வந்து திரும்பும்போதெல்லாம் ஆய்க்குடியில் மொட்டையடித்துவிட்டுத்தான் கப்பலேறினேன். என்னைப்போல் பக்திமான் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.