'ஆச்சு சிஸ்டர்' என்று சொன்ன பொய்

குழந்தை பிறந்த அன்று நான் இரண்டு பொய் சொன்னேன். இரண்டும் ஒரே பொய்தான்.

விடிகாலையில் பிரசவம். சுகப்பிரசவம் என்று எழுதினார்கள். பதினாறு மணி நேர வலியும் எபிசியோடமியும் (பிரசவ வழியைச் சற்று வெட்டித் தைப்பது) அந்தச் சுகத்துக்குள் அடக்கம். அம்பத்தூர் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை, நான்கு கட்டில் போட்ட வார்டு. பதினோரு மணிக்கு நர்ஸ் வாசலில் நின்றபடியே கேட்டார். அவருக்குக் கண்டக்டர் குரல்.

"நாலாம் பெட், யூரின் போனியாம்மா?"

அந்த நேரம் பார்த்துத்தான் என் மாமனார் பேத்தியைப் பார்க்க வந்து நின்றிருந்தார். அம்மா என் கையைக் கிள்ளினாள். "ஆச்சு சிஸ்டர்" என்றேன்.

ஆகவில்லை. கழிப்பறைக்குப் போனது உண்மை. தையல் எரியுமே என்ற பயத்தில் நாலு சொட்டோடு எழுந்து வந்துவிட்டேன். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரையும் தொடவில்லை. முட்டுகிற உணர்வே இல்லாததால், இருந்தால்தானே போக என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மணிக்கு மறுபடி கேட்டார். அப்போது என் கணவரின் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் பழப்பையோடு நின்றிருந்தார்கள். மறுபடியும் "ஆச்சு".

அடுத்த கட்டிலில் ஷகிலா. பூந்தமல்லிக்காரர், அவருக்கு அது மூன்றாவது பிரசவம். சாயங்காலம் நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தபோது அவர்தான் போட்டு உடைத்தார்.

"இன்னா ஆச்சு? அது பொய் சொல்லுது சிஸ்டர். உள்ள போயி சும்மா நின்னுகினு வருது, நான் காலைலேருந்து பாத்துகினே கீறேன். வயித்த தொட்டுப் பாருங்க, இன்னொரு புள்ள கீற மாதிரி கீது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். நர்ஸ் வயிற்றில் கை வைத்தார். அடிவயிறு தொப்புள் வரை கல்லாக இருந்தது. உடனே கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செருகும் மெல்லிய குழாய்) போட்டார்கள். குழாயோடு மாட்டிய பிளாஸ்டிக் பையில் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. இறங்க இறங்க எனக்குக் கண்ணீரும் இறங்கியது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

"ரொம்ப நேரம் வலி எடுத்தா அந்த இடம் மரத்துப்போகும். முட்டுறதே தெரியாது. அதான் திரும்பத் திரும்பக் கேக்கறோம். இப்ப சிறுநீர்ப்பை ரொம்ப விரிஞ்சுபோச்சு. பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி, சுருங்க நாளாகும். பத்துப் பன்னெண்டு நாள் ட்யூபோட இரு."

"எடுத்தா சரியாயிடுமா டாக்டர்?"

"முக்காவாசிப் பேருக்குச் சரியாயிடும். ஆகலைன்னா நீயே ட்யூப் போட்டு எடுக்கக் கத்துக் குடுப்போம்."

முதல் வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. இருபத்தெட்டு வயதில், இனி ஆயுசுக்கும் குழாயா?

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டில் பதினோராம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். மறுநாள்தான் ட்யூப் எடுக்கும் நாள். பட்டுப்புடவைக்கு அடியில், நாற்காலிக் காலோரம் என் மூத்திரப் பை. நாத்தனார் ரேவதி பக்கத்திலேயே உட்கார்ந்து, யாராவது குனிந்தால் கொசுவத்தை இழுத்து அதை மறைத்தபடி இருந்தாள். "அண்ணி, நீங்க சிரிங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். தங்கமான பெண்.

மாமனார் பேத்தியை மடியில் வாங்கினார். வாங்கிய கையோடு அவருடைய வெள்ளை வேட்டி நனைந்தது. வீடே கைகொட்டிச் சிரித்தது.

"போவட்டும், போவட்டும்! என் ராஜாத்தி ஆசீர்வாதம் பண்றா!"

டயப்பர் ஒரு நாளைக்கு ஆறு முறை நனைந்தால் பால் போதுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பை நிறைந்ததை மட்டும் காதோடு காதாகக் கேட்பாள். அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதினோரு நாள் குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தாய் நான்.

மறுநாள் குழாயை எடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திரு என்றார்கள். வராந்தாவில் கணவர் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். கையில் அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையோடு நான். முதல் முறை போனேன். சுவரிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை குழாயைத் திறக்கவில்லை. அழவும் தெம்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். குவளையில் சத்தம் கேட்டது. என்னுடையதுதான் என்று புரிய ஒரு கணம் ஆனது. எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது.

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அதே கண்டக்டர் குரல்: "போனியாம்மா?"

ஆண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "முன்னூறு சிஸ்டர்!" என்று கத்தினேன். என் கணவர் குழந்தையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஸ்கேனில், உள்ளே தங்கியது கொஞ்சம்தான் என்று வந்தது.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. என் உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முட்டுகிற சேதி எனக்குத் தாமதமாகத்தான் வருகிறது. அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் மணி அடிக்கும், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் எழுந்து போவேன். என் நாள் இப்போது அந்த மூன்று மூன்று மணி நேரமாகத்தான் ஓடுகிறது. ஷகிலாவுக்கு அன்று நன்றி சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் ரேவதிக்கு ஆண் குழந்தை. பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றி அவள் மாமனார், கொழுந்தனார், ஸ்வீட் பெட்டி. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டேன், சத்தமாகத்தான்.

"ரேவதி, யூரின் போனியா?"

"ஆச்சு அண்ணி" என்றாள், போர்வையைப் பார்த்துக்கொண்டு.

என் பையைப் புடவையால் மூடி வைத்தவள் அவள். எல்லாம் தெரிந்தவள். நான் வாசலுக்குப் போய், வராந்தா முழுக்கக் கேட்கும்படி சிஸ்டரைக் கூப்பிட்டேன்.